அம்பாசடர் என்ஜினோடு ஒரு பந்தயக் கார்!

சிவப்புக் கார். கதவு இரண்டு. ஆசனமும் இரண்டே இரண்டு. தரையோடு தரையாகப் படுத்தாற்போல் உருவம். மேலே கூரை கிடையாது.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற ரோட்டில், ஆமத்தூர் டீக்கடை முன்னால் இப்படி ஒரு கார் வந்து நின்றால் என்ன ஆகும்?

கூட்டம் கூடிவிடும்! "கூரை போடப் பணம் பத்தலையோ?" என்று ஒருவர் கேலி செய்வார். "இதிலே மூட்டையை எங்கே வைப்பாக?" என்று இன்னொருவர் கேட்பார். பையன்கள் சக்கரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். தீப்பெட்டிப் படத்திலும் சிவகாசிக் காலண்டரிலும் பார்த்த கார், நேரில் வந்து நிற்கிறதே!

கூட்டத்தில் ஒரு பழைய மெக்கானிக்கும் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேலி செய்யமாட்டார். "பானட்டைத் திறங்க தம்பி" என்பார். திறந்து பார்த்ததும் சிரித்துவிடுவார்.

"அட, இது நம்ம அம்பாசடர் என்ஜின்ல!"

ஆம். அந்தச் சிவப்புக் கார் 'எம்.ஜி.ஏ.'வாக இருந்தால், மெக்கானிக் சொன்னது முக்காலே மூணு வீசம் உண்மை!

ஏழை வீட்டு ராஜகுமாரன்

பந்தயக் கார் என்றால் கோடீசுவரர்களின் விளையாட்டுச் சாமான் என்று பலர் நினைக்கிறார்கள். பெர்ராரி, போர்ஷே போன்ற கார்கள் அப்படித்தான். அவற்றின் விலையைக் கேட்டாலே தலை சுற்றும்.

ஆனால், ஐரோப்பாவில் வேறு ஒரு ஜாதிக் கார் உண்டு. ஆபீஸ் குமாஸ்தாவும், பள்ளிக்கூட வாத்தியாரும், மெக்கானிக்கும் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார் அது. அதன் ரகசியம் மிக எளிது. சாதாரணக் குடும்பக் காரின் என்ஜினை எடுப்பார்கள். அதே காரின் கியர் பெட்டியையும் பிரேக்கையும் எடுப்பார்கள். அவற்றை எடை குறைந்த ஓர் அழகான உடலுக்குள் வைப்பார்கள். அவ்வளவுதான், பந்தயக் கார் தயார்!

இந்த வித்தையில் பெயர் வாங்கியது எம்.ஜி. கம்பெனி. 'மோரிஸ் காரேஜஸ்' என்பதன் சுருக்கம் எம்.ஜி. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரில் மோரிஸ் கார்களை விற்றுக்கொண்டிருந்த கடை அது. அங்கே மானேஜராக இருந்த செசில் கிம்பர், மோரிஸ் காருக்குப் புது உடல் பூட்டி விற்கத் தொடங்கினார். அதுதான் ஆரம்பம். இன்று நம் ரோடுகளில் எம்.ஜி. என்ற பெயரில் ஓடும் பெரிய கார்கள் 2019 முதல் இந்தியாவில் விற்பனை ஆகின்றன. அவை சீனக் கம்பெனியின் உறவில் வந்தவை. பழைய எம்.ஜி.க்கும் அவற்றுக்கும் பெயர்தான் சொந்தம்.

ஒரே என்ஜின், இரண்டு குணம்

எம்.ஜி.ஏ. 1955-ல் வெளிவந்தது. அதன் என்ஜின் 1489 சி.சி. கொள்ளளவு. இதே 'பி' வகை என்ஜின்தான் சில ஆண்டுகளில் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்கும் வந்தது.

அம்பாசடரில் இருந்தபோது அந்த என்ஜின் கலெக்டரைச் சுமந்தது. கல்யாணக் கோஷ்டியைச் சுமந்தது. எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் போய் வந்தது. எம்.ஜி.ஏ.யிலோ, இரட்டைக் கார்புரேட்டரோடு, இரண்டே பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது! அம்பாசடரில் அதன் சக்தி ஏறத்தாழ 50 குதிரை. எம்.ஜி.ஏ.யில் முதலில் 68, பிறகு 72. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒருவன் சமுசாரி, ஒருவன் ஓட்டக்காரன்.

எம்.ஜி.ஏ.வுக்குப் பின் 1962-ல் வந்தது எம்.ஜி.பி. என்ஜினை 1798 சி.சி. ஆக்கினார்கள். 1980 வரை 18 ஆண்டுகள் இது தயாராயிற்று. கூரை உள்ளதும் இல்லாததுமாக 5 லட்சத்துக்கு மேல் விற்றது! பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவருக்கு இந்த 5 லட்சம்தான் பெரிய தைரியம். ஏன்? இத்தனை கார் ஓடினால்தானே ஸ்பேர் செய்து விற்கிறவனுக்குக் கட்டுப்படி ஆகும்? எம்.ஜி.பி.யின் ஆணி முதல் ஆசன உறை வரை இன்றும் இங்கிலாந்தில் புதிதாகக் கிடைக்கிறது. முழு உடலையே தகட்டில் புதிதாக அடித்துத் தருகிற கம்பெனியும் அங்கே உண்டு.

குறை இல்லையா? உண்டு. எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டம் கிடையாது. உடல்தான் எலும்பும். கதவுக்குக் கீழே ஓடுகிற தகட்டுப் பெட்டி துருப்பிடித்து விட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறக் கூடாது. 1967-க்கு முந்திய கார்களில் இன்னொரு வேடிக்கை. பாட்டரியின் பாசிட்டிவ் முனையை உடலோடு இணைத்திருப்பார்கள். நம் ஊர் வழக்கத்துக்கு நேர் எதிர்! இது தெரியாமல் வயரை மாற்றிப் பூட்டினால் ரேடியோ முதலியவை புகைந்துவிடும். பாட்டரியைத் தேடினால் அதுவும் பானட்டுக்குள் இருக்காது. ஆசனத்துக்குப் பின்னால், 6 வோல்ட் பாட்டரி இரண்டு ஒளிந்திருக்கும்!

1974-க்குப் பின் வந்த எம்.ஜி.பி.க்குக் கறுப்பு ரப்பர் பம்பர். அமெரிக்கச் சட்டத்துக்காக அப்படிச் செய்தார்கள். காரின் உயரத்தையும் கூட்டினார்கள். பார்க்க அழகு குறைவு, வளைவில் ஆட்டமும் அதிகம். ஆகவே அது மலிவாகக் கிடைக்கும். வேகத்தடைக்கு வேகத்தடை வயிறு தட்டுகிற நம் ரோடுகளுக்கு, அந்த உயரம் பாவம் அல்ல!

வண்டலூரில் வளர்ந்த அண்ணன்

தமிழ்நாட்டுக்காரர்கள் பெருமையோடு கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு.

'டிரையம்ப் ஸ்பிட்பயர்' என்பது 1962-ல் இங்கிலாந்தில் வந்த பந்தயக் கார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானங்களை விரட்டிய சண்டை விமானத்தின் பெயரை இதற்கு வைத்தார்கள். படம் வரைந்தவர் இத்தாலிக்காரர், ஜியோவானி மிக்கலோட்டி. 1980 வரை 3 லட்சத்துக்கு மேல் விற்றது.

இதன் அண்ணன் யார் தெரியுமா? நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு!

சென்னையில் 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, வண்டலூர்த் தொழிற்சாலையில் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. அதையும் வரைந்தவர் அதே மிக்கலோட்டிதான். ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளத்தில் குறைத்து, அதன் மேல் கட்டியதுதான் ஸ்பிட்பயர். முன் சக்கரத்தைத் தாங்குகிற அமைப்பு, ஸ்டியரிங், பின் அச்சு எல்லாம் அண்ணன் வீட்டுச் சொத்து. ஹெரால்டின் பானட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழுமே, நினைவிருக்கிறதா? ஸ்பிட்பயரும் அப்படியே வாயைத் திறக்கும். மெக்கானிக் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம்!

குறுகிய சந்திலும் ஹெரால்டு ஒரே மூச்சில் திரும்பிவிடும். அந்தக் குணமும் தம்பிக்கு வந்தது.

ஆனால், குடும்பத்து வியாதியும் வந்தது. பின் சக்கரங்கள் பட்டாம்பூச்சிச் சிறகு போல மேலும் கீழும் மடங்கும். வளைவில் வேகமாகப் போய், பயந்து சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடியும். கார் சுற்றிவிடும். உயிருக்கே ஆபத்து! 1970-க்குப் பின் வந்த நான்காவது மாதிரியில் ஸ்பிரிங்கை மாற்றி இந்தக் குறையை வெகுவாகக் குறைத்தார்கள். அதற்கு முந்திய கார் கையில் கிடைத்தால், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது ஒன்றே வழி. வண்டலூர்க்காரர்கள் இந்தத் தொல்லைக்கு வேறு மருந்து கண்டார்கள். 1970-களில் 'கெஸல்' என்று பெயர் மாற்றி விற்ற காரில், அந்தச் சிறகு அச்சையே எடுத்துவிட்டுச் சாதாரண அச்சைப் பூட்டினார்கள்!

தவளையும் இத்தாலிக்காரியும்

எல்லாவற்றிலும் சின்னது 'ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்.' 1958-ல் வந்தபோது இங்கிலாந்தில் விலை 700 பவுனுக்கும் குறைவு. விளக்கு இரண்டும் பானட்டின் மேல் முழித்துக்கொண்டு நிற்கும். அதனால் 'தவளைக் கண்' என்று பட்டப்பெயர். செலவைக் குறைக்க என்னென்ன செய்தார்கள்! வெளியே கதவுப் பிடி இல்லை. டிக்கிக்கு மூடி இல்லை. சாமானை ஆசனத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தள்ள வேண்டும். ஸ்டியரிங் அமைப்பு மோரிஸ் மைனரிலிருந்து வந்தது. 948 சி.சி. என்ஜினும் மைனருக்கு உள்ள அதே வகை. மோரிஸ் மைனர்கள் நிறைய ஓடிய இலங்கையில், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் உயரமானவர்கள் இந்தத் தவளைக்குள் நுழைவது கஷ்டம்.

இத்தாலியில் 1966-ல் பிறந்தது 'பியட் 124 ஸ்பைடர்.' ஓட்டிப் பார்க்க, ஐந்திலும் இதுவே நவீனம். ஐந்து கியர். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். சிலிண்டர்த் தலையில் இரண்டு காம் ஷாப்ட். கூரையை உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்னால் தள்ளிவிடலாம். உறவு இதற்கும் உண்டு. 1985-ல் பம்பாய் பிரிமியர் கம்பெனி கொண்டுவந்த '118 என்.இ.' காரின் உடல், பியட் 124-ன் உடலே. ஆனால் அதற்குள் இருந்தது ஜப்பான் நிஸான் என்ஜின். ஆகவே ஸ்பைடரின் என்ஜினுக்கு இங்கே சொந்தபந்தம் இல்லை. அதில் காம் ஷாப்டைச் சுற்றுவது பல் வைத்த ரப்பர் பெல்ட். காலம் தவறி அது அறுந்தால் என்ஜினே பாழாகலாம். பழைய இத்தாலியத் தகட்டுக்குத் துரு என்றால் தனிப் பிரியம் வேறு!

காய்ந்த பூமியின் லாபம்

துருவைப் பற்றி இவ்வளவு சொன்னோம். இந்த விஷயத்தில் விருதுநகர்ச் சீமைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மழை குறைந்த இந்த வறண்ட காற்றை நம்பித்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்தன. மருந்து நமத்துப் போகாத அதே காற்றில், இரும்பும் சீக்கிரம் அரிக்காது. சென்னைக் கடற்கரையில் நிற்கிற காரைவிட, ஆமத்தூர்க் கொட்டகையில் நிற்கிற கார் பல ஆண்டு அதிகம் வாழும்.

வெயில்தான் எதிரி. சித்திரை மாதத்தில் நெரிசலில் நின்றால், குளிர் நாட்டுக்குச் செய்த ரேடியேட்டர் கொதித்துவிடும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து வைப்பது முதல் வேலை.

இன்னொன்று. கார்புரேட்டர் சரியாக இல்லாத பழைய கார், சைலன்சர் வழியே 'டப்' என்று வெடிக்கும். வேறு ஊரில் இது வேடிக்கை. இந்தப் பக்கத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால், ஆலைக்குப் போன மகளையோ மகனையோ நினைத்துத் தாய்மார்கள் வாசலுக்கு ஓடி வருவார்கள். கார்புரேட்டரைச் சரி செய்யாமல் இந்த ரோட்டில் ஓட்டக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டிலிருந்து பழைய காரை வரவழைப்பது லேசான காரியம் அல்ல. கட்டுப்பாடும் உண்டு, கனத்த வரியும் உண்டு. ஆகவே, முன்பே இந்தியாவுக்கு வந்து, எங்கோ ஒரு ஷெட்டில் தூங்குகிற காரைத் தேடுவதே வழி.

50 ஆண்டு தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2021-ல் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இந்த முறையில் பதிந்தால், கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் கொண்டுபோகலாம். தினசரி சந்தைக்குப் போக முடியாது. வாடகைக்கு விடவும் முடியாது.

அத்துடன், கார் பிறந்த உருவிலேயே இருக்க வேண்டும். சட்டத்தையோ உடலையோ என்ஜினையோ மாற்றியிருக்கக் கூடாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உறவுதானே என்று எம்.ஜி.யில் அம்பாசடர் என்ஜினைத் தூக்கி வைத்து ஒருவர் விற்பார். ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் 'வி.ஏ.' நம்பர் கேட்டுப் போனால் சிக்கல்! பணம் கொடுக்கும் முன், என்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

ஸ்பேர் கிடைக்க வேண்டும், உள்ளூர் மெக்கானிக் கைக்கு அடங்க வேண்டும் என்றால் எம்.ஜி.பி. கையில் பணமும் பொறுமையும் மிகுந்தவருக்கு எம்.ஜி.ஏ. ஸ்பிட்பயர் அழகில் குறைந்தது அல்ல. ஆனால் நிதானம் உள்ளவர்தான் அதை ஓட்ட வேண்டும். தவளைக் கண் தமாஷுக்கு. இத்தாலிக்காரியை அவளுடைய பாஷை தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் மட்டும் வீட்டுக்கு அழைத்து வரலாம்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு, சீட்டுப் பணத்தை எடுத்துக் கார் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சை எடுத்தால், சமையலறையிலிருந்து ஒரு கேள்வி வரும்.

"ஏங்க, நாம நாலு பேரு. ரெண்டு சீட்டுல எப்படிங்க உக்கார்றது?"

அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. வண்டலூர் ஹெரால்டு! தம்பிக்கு உள்ள சட்டம், தம்பிக்கு உள்ள பானட், அதே இத்தாலிக்காரர் வரைந்த உருவம். நாலு பேர் தாராளமாக உட்காரலாம். இங்கிலாந்தில் கடைசி வரை இரண்டு கதவோடு நின்றுவிட்ட அந்தக் காருக்கு, நம் ஊர்க் குடும்பங்களுக்காக நாலு கதவு வைத்ததும் வண்டலூர்தான். சென்னைக்கு வடக்கே, போர்க்கால விமானத் தளமாக இருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில், பெரிய கார்களுக்கு நடுவே ஹெரால்டுகளும் பியட்டுகளும் போட்டி போட்டன.

அதற்குக் கூரையும் உண்டு.