குழாய்க்குள் ஓடும் நேரம்

உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் ரத்தம் உயிரோடுதான் இருக்கிறது. குழாய்க்குள் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை அது குறையும். காலையில் கோட்டாறு கம்போளத்துப் பக்கம் எடுத்த ரத்தம் வெயிலில் அலைந்து மதியம் ஆசாரிப்பள்ளம் லேபுக்குப் போய்ச் சேர்ந்தால், சர்க்கரை நோயாளிக்கும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரக்கூடும். சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் ஃபுளூரைடு இருப்பது இதைத் தடுக்கத்தான். அதுவும் முழுசாக வேலைசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் போதாதா? போதாது. சீரம் பிரிக்காத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் அணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, இல்லாத ஆபத்தை ரிப்போர்ட்டில் காட்டும். கல்ச்சருக்கு எடுத்த முதுகுத்தண்டு நீரையும் குளிரில் வைக்கக் கூடாது. மூளைக்காய்ச்சல் கிருமி செத்துப்போகலாம். சிறுநீர் அப்படியல்ல. இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜ்தான் அதற்குக் காப்பு.

சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் எச்.ஐ.வி. சோதனைக்காக 80-க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறைகூட இல்லை. சீரத்தைப் பிரித்து, வேறு வசதியில்லாமல் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார். எலைசா சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது அப்படித்தான். சீரத்தைப் பிரித்ததும் குளிரை விடாமல் காத்ததும் மிகச் சரி. ஆனால் சோற்றுப் பாத்திரம் இருக்கும் ஃபிரிட்ஜில் மாதிரி வைப்பதை இன்று எந்த லேபும் செய்யக் கூடாது.

காரணம் உண்டு. மஞ்சள்காமாலை ‘பி’ வைரஸ் காய்ந்த ரத்தத்துளியில் குறைந்தது ஏழு நாள் வீரியத்தோடு இருக்கும். மேசையில் ரத்தம் சிந்தினால் கையுறை போட்டு, உறிஞ்சும் தாளால் மூடி, ஹைப்போகுளோரைட் கரைசல் ஊற்றிக் காத்திருந்துதான் துடைக்க வேண்டும். ஊசியைத் திரும்ப மூடவே கூடாது.

இவ்வளவும் செய்தபின் குழாய் மாறிப்போனால் எல்லாம் வீண். சவேரியார் பேராலயம் இருக்கும் கோட்டாற்றில் சேவியர் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஆகவே பெயரோடு வயது, ஓ.பி. எண், ரத்தம் எடுத்த நேரம் எல்லாவற்றையும் குழாயில் எழுத வேண்டும். அதையும் ரத்தம் எடுத்த கையோடு, அந்த ஆள் எழுந்து போவதற்கு முன்பே.