புகுந்த வீட்டு மொழியும் பிறந்த வீட்டு மொழியும்

மணமாகிச் செல்லும் பெண்ணுக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் இரண்டு அறிவுரைகளைச் சேர்த்தே சொல்வார்கள். புகுந்த வீட்டின் வழக்கங்களைக் கற்றுக்கொள். பிறந்த வீட்டின் பெயரைக் காப்பாற்று. இவற்றில் ஒன்றைச் செய்து மற்றதைக் கைவிட்டவளை எந்த ஊரும் மெச்சியதில்லை. கடல் கடந்து வாழச் செல்லும் ஒரு சமுதாயத்துக்கும் இவ்விரண்டு அறிவுரைகளும் பொருந்தும். இதையே சற்று வேடிக்கையாக, "பாம்பு தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு நமக்கு" என்றும் சொல்வதுண்டு. மரக்கறி உணவுக்காரர்களும் சிரித்துக்கொண்டே சொல்லும் பழமொழி இது. ஊரார் உண்பதையெல்லாம் உண்ண வேண்டும் என்பதல்ல இதன் கருத்து. வந்த ஊரில் ஒதுங்கி நில்லாதே என்பதே.

எதை ஏற்பது, எதை விடாமல் வைத்துக்கொள்வது? இக்கேள்விக்கு நம் முன்னோர் ஏட்டில் விடை எழுதி வைக்கவில்லை. வாழ்ந்து காட்டிச் சென்றிருக்கிறார்கள். அவ்விடையைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சிராங்கூன் சாலையில் ஃபேரர் பார்க்கை ஒட்டிய தெருக்களின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம்.

தெருப்பெயர்கள் சொல்லும் செய்தி

ஃபேரர் பார்க் என்பது நகராட்சி ஆணையர்களின் தலைவராக இருந்த ரோலண்ட் ஜான் ஃபேரர் என்ற ஆங்கிலேயரின் பெயரால் அமைந்தது. அதற்கு முன் அது குதிரைப் பந்தயத் திடல். 1842 முதல் 1933 வரை பந்தயங்கள் அங்குதான் நடந்தன. ரேஸ் கோர்ஸ் ரோடு அதன் நினைவாக நிற்கிறது. சிறிது தள்ளிப்போனால் கண்டாங் கெர்பாவ். மலாய் மொழியில் எருமைக் கொட்டில் என்று பொருள். கால்நடைத் தொழிலில் தமிழர்கள் நிறைந்திருந்த இடம் அது. அங்குள்ள சந்தையை நாம் தேக்கா என்கிறோம். அச்சொல் மலாயும் அல்ல, தமிழும் அல்ல. மூங்கில்களின் அடி என்று பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லிலிருந்து வந்தது.

இவற்றுள் மிகச் சுவையானது சுண்ணாம்புக் கம்பம் என்ற பழைய பெயர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த பகுதியை மலாய்க்காரர்கள் கம்போங் காப்போர் என்றனர். காப்போர் என்றால் சுண்ணாம்பு. கம்போங் என்றால் கிராமம். தமிழர்கள் பாதியை மொழிபெயர்த்தார்கள், மறுபாதியைத் தங்கள் நாவுக்கு ஏற்பக் கம்பம் என்று திருத்திக்கொண்டார்கள். வந்த ஊரின் சொல்லை வெறுக்காமலும் தம் சொல்லை விட்டுவிடாமலும் வாழ்ந்த ஒரு மக்களின் மனப்பாங்கு அந்த ஒரே பெயரில் அடங்கியிருக்கிறது.

கப்பலேறிய சொற்கள்

கொடுக்கல் வாங்கல் இருபுறமும் நடந்தது. மலாய் மொழியில் கடைக்குக் கெடாய் என்றும், கப்பலுக்குக் காப்பால் என்றும், வணிகத்துக்குப் போடும் முதலுக்கு மோடால் என்றும் பெயர். பெட்டி அங்கே பெத்தி, கட்டில் காத்தில், மாம்பழம் மெம்பெலாம். இந்துக் கோயிலை மலாய்க்காரர்கள் கூயில் என்றே அழைக்கிறார்கள். கடையும் கப்பலும் முதலும் கோயிலும் சேர்ந்தே மலாய்க்குப் போனதைக் கவனிக்க வேண்டும். நம்மவர் எதற்காக வந்தார்கள், வந்த இடத்தில் எதைக் கட்டினார்கள் என்பதை இச்சொற்களே கூறிவிடுகின்றன.

1819-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை, செங்கல் சூளையும் வணிகமுமாக வாழ்ந்தவர். 1827-இல் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் எழ முன்னின்றவரும் அவரே. அக்காலத்தில் இங்கு வந்த தமிழர் எவரும் சந்தை மலாய் தெரியாமல் ஒரு நாளும் தொழில் செய்திருக்க முடியாது. பால்காரரும் சலவைக்காரரும் வட்டிக்கடைக்காரரும் சீனரோடும் மலாய்க்காரரோடும் அம்மொழியிலேயே பேசினார்கள். வாசலில் மலாய், அடுப்படியில் தமிழ், சந்நிதியில் தமிழும் வடமொழியும் என்று அவர்கள் வாழ்க்கை இயல்பாகவே பங்கிடப்பட்டிருந்தது.

மலாக்காச் செட்டிகளின் கதை

ஆனால் இந்தப் பங்கீடு எப்போதும் நிலைத்து நிற்பதில்லை. நமக்கு முன் வந்த ஒரு தமிழ்ச் சமுதாயத்தின் வரலாறு இதைத் தெளிவாக உணர்த்துகிறது. மலாக்காச் செட்டிகள் என்று அழைக்கப்படும் பெரனாக்கான் இந்தியர்களே அவர்கள். பின்னாளில் மார்க்கெட் தெருவில் வட்டித்தொழில் செய்த நகரத்தார்களோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்களின் ஆட்சியில், சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் அங்கு வந்து குவிந்தனர். வந்த கப்பல் திரும்ப வேண்டுமானால் பருவக்காற்று மாற வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தவர்களில் பலர் அங்கேயே தங்கினர். தமிழ்ப் பெண்கள் கடல் கடப்பது அரிதாக இருந்த காலம் அது. எனவே மலாய், சாவகம், சீனம் முதலிய குலங்களைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். 1511-இல் போர்த்துகீசியரும் 1641-இல் டச்சுக்காரரும் மலாக்காவைக் கைப்பற்றினர். வணிகம் நலிந்தது, தாயகத் தொடர்பு தேய்ந்தது. அவர்களுள் பலர் நகரை விட்டுக் காஜா பெராங் பகுதியில் குடியேறி உழவைப் பார்த்தனர்.

இன்று அவர்களின் வீட்டு மொழி மலாய். பெண்களின் மரபுடை சாரோங் கெபாயா. சமையலில் தேங்காய்ப்பாலும் சம்பலும் மணக்கும். ஆயினும் பிள்ளை, செட்டி, நாயக்கர், படையாச்சி என்ற பெயர்கள் போகவில்லை; சைவ வழிபாடும் போகவில்லை. டச்சுக்காரர் காலத்தில் தெய்வநாயகம் செட்டிக்கு அளிக்கப்பட்ட நிலத்தில் 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் விளங்குகிறது. பொங்கலுக்கு முதல் நாளான போகியன்று முன்னோருக்கு வாழையிலையில் படையல் இடுகிறார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். பழங்கள் மிகுதியாகக் கிடைக்கும் ஆண்டின் நடுவிலும் ஒரு பார்ச்சு உண்டு. மாரியம்மன் திருவிழாவை டத்தோ சாச்சார் என்கிறார்கள். சாச்சார் என்பது மலாயில் அம்மை நோயைக் குறிக்கும் சொல். டத்தோ என்பது மரியாதைப் பெயர். பெயர் மலாய், தெய்வம் நம் மாரி.

இச்சமுதாயத்தினர் பலர் சிங்கப்பூருக்கும் வந்தனர். சிராங்கூன் சாலையை ஒட்டிய கிந்தா ரோடு பகுதியில் அவர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. சிட்டி ரோடு என்ற தெருப்பெயர் இன்றும் அவர்களை நினைவூட்டுகிறது. கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் 2018 செப்டம்பர் முதல் 2019 மே வரை அவர்களைப் பற்றிய சிறப்புக் கண்காட்சியை நடத்தியபோதுதான், பக்கத்திலேயே இப்படியொரு தமிழ் மரபினர் வாழ்ந்தது நம்மில் பலருக்குத் தெரியவந்தது.

போனதும் நின்றதும்

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, மொழி மாறினாலும் வழிபாடு நிலைக்க முடியும். கோயில் இருந்தது, ஆண்டுதோறும் செய்யும் முறை இருந்தது, அதைச் சமைத்துப் படைக்கும் தாய்மார்கள் இருந்தார்கள். கைகள் செய்துகொண்டே இருந்ததால் ஐந்நூறு ஆண்டுகளாக அது அறுந்துபோகவில்லை. மொரிஷியஸிலும் ரியூனியனிலும் கிரியோல் பேசும் தமிழ் வழியினர் இன்றும் காவடி எடுப்பது இதற்கு மற்றொரு சான்று.

இரண்டாவது, மொழி தானாக நிலைப்பதில்லை. மலாக்காவில் தமிழை யாரும் தடை செய்யவில்லை. யாரும் வெறுக்கவும் இல்லை. குழந்தைக்குத் தாலாட்டுப் பாடும் தாயின் மொழி மலாயாக இருந்தது. தமிழ் கற்பிக்கப் பள்ளி இல்லை. பேசிப் பழகப் புதிதாக வருவோரும் குறைந்தனர். இவ்வாறு ஓசையின்றித்தான் அது விடைபெற்றது. மலாய் கற்றதால் தமிழ் போகவில்லை. தமிழைக் கற்பிக்க இடம் இல்லாததால் போயிற்று. இவ்வேறுபாட்டை நாம் நன்றாக மனத்தில் இருத்த வேண்டும்.

சிங்கப்பூர் கண்ட வழி

சிங்கப்பூர்த் தமிழர்களின் பேறு, காலத்தில் விழித்துக்கொண்ட பெரியவர்கள் வாய்த்தது. கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றியது. 1965-இல் நாடு தனித்து நின்றபோது மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் அதிகாரத்துவ மொழியாயிற்று. தேசிய மொழி மலாய். நாட்டுப்பண்ணை நாம் அனைவரும் மலாயில்தான் பாடுகிறோம். அதனால் நம் தமிழ் ஓர் எழுத்தும் குறைந்துவிடவில்லை. உமறுப்புலவர் பள்ளி 1982-இல் மூடப்பட்டாலும், அப்பெயரைத் தாங்கிய தமிழ் மொழி நிலையம் ஃபேரர் பார்க்கை அடுத்த பீட்டி சாலையில் மாணவர்களுக்குத் தமிழ் போதிக்கிறது.

இவ்வட்டாரத்துக் கோயிலும் இதே வழியில் நடந்தது. 1855-ஆம் ஆண்டில் தோன்றி, நரசிம்மப் பெருமாள் கோயில் என்று வழங்கிய தலமே இன்றைய ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில். சிராங்கூன் சாலையில் கடை வைத்து உயர்ந்த வள்ளல் பி. கோவிந்தசாமி பிள்ளையின் பெயரால் அங்கு ஒரு திருமண மண்டபம் உண்டு. 1965-இல் அதைத் திறந்து வைத்தவர், பின்னர் சிங்கப்பூரின் முதல் அதிபரான யூசோப் இஸ்ஹாக். பெருமாள் கோயில் மண்டபத்தை ஒரு மலாய் முஸ்லிம் பெருமகனார் திறந்து வைத்தது இந்நாட்டில் யாருக்கும் வியப்பாகப் படவில்லை. தைப்பூசத்தன்று அக்கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் பால்குடம் ஏந்திச் செல்வோரில் சீன அன்பர்களும் இருக்கிறார்கள். வாட்டர்லூ தெருவில் குவான் இம் கோயிலுக்கு வரும் சீனர்கள், அடுத்துள்ள கிருஷ்ணன் கோயிலிலும் ஊதுபத்தி ஏற்றி வணங்கிச் செல்வதை நாள்தோறும் காணலாம். நாம் ஊரை ஏற்றுக்கொண்டோம். ஊரும் நம்மை ஏற்றுக்கொண்டது.

இவ்விடத்தில் எஸ். ஆர். நாதன் அவர்களை நினைவுகூர்வது பொருத்தம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர் அவர். பின்னாளில் 1983 முதல் 1988 வரை இந்து அறக்கட்டளை வாரியத்தின் தலைவராகவும், 1999 முதல் 2011 வரை நாட்டின் அதிபராகவும் விளங்கினார். பிற மொழியைக் கற்றது அவரைத் தம் சமுதாயத்திலிருந்து விலக்கவில்லை. அதற்குத் தொண்டாற்றும் ஆற்றலையே அளித்தது.

இன்றைய நிலை

இருப்பினும் மனநிறைவோடு அமர்ந்துவிட முடியாது. முற்காலத்தில் தமிழ்ப் பிள்ளை தெருவில் இறங்கினாலே தமிழ் காதில் விழும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தபின் அந்நிலை மாறியது. 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்து வாழ விகிதம் வகுக்கப்பட்டுள்ளது. இன நல்லிணக்கத்துக்கு இது பெருந்துணை. ஆனால் தெரு செய்துவந்த தமிழ்ப் பணியை இனி வீடுதான் செய்ய வேண்டும் என்பதும் இதனால் உறுதியாயிற்று.

வீடு அதைச் செய்கிறதா? 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 48.3 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் இது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழைப் பேசுவோர் 2.5 விழுக்காடு மட்டுமே. இந்தியர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 9 விழுக்காடு; அவர்கள் அனைவரும் தமிழரல்லர் என்றாலும், இக்கணக்கு நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டும். பாட்டி சொல்லும் கதை பேரனுக்கு எட்டாமல் போவது ஒரு வீட்டின் துயரம் மட்டும் அன்று. மலாக்காவில் நடந்ததும் அவ்வாறுதான் தொடங்கியிருக்கும்.

நாம் செய்யத்தக்கவை

அண்மையில் தாயகத்திலிருந்து வந்து குடியேறியுள்ள அன்பர்களுக்கு முதலில் ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கு அவர் மொழியில் காலை வணக்கம் சொல்லவும், மலாய் அண்டை வீட்டாருக்கு நோன்புப் பெருநாள் வாழ்த்துச் சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள். இங்குள்ள தமிழில் கம்பம், தேக்கா போன்ற சொற்கள் கலந்திருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். அவை நம் மூத்தோர் இம்மண்ணில் வேரூன்றியதன் அடையாளம்.

தலைமுறைகளாக இங்கு வாழ்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்தவர்களை அயலாராகப் பார்க்க வேண்டாம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழ் நம் வீட்டுப் பிள்ளைகளின் காதில் விழட்டும். நம் பிள்ளைகள் இயல்பாகப் பேசும் பல இன நட்பின் மொழி அவர்களுக்கும் பழகட்டும். கோயிலில் இவ்விருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். பேசிக்கொள்வதற்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை.

பெற்றோர் செய்யக்கூடியது எளிது. பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்து வரும்போது, இந்தச் சந்நிதி யாருடையது, இன்று என்ன விசேடம், ஏன் இந்த நைவேத்தியம் என்பதைத் தமிழில் சொல்லுங்கள். புரியாத இடத்தில் ஆங்கிலத்தில் விளக்கிவிட்டு மீண்டும் தமிழுக்கு வாருங்கள். மலாக்காத் தாய்மார்கள் கையால் காத்ததை நாம் கையாலும் வாயாலும் காக்கலாம். நன்கொடையாளர்கள் கோபுரத்துக்கும் குடமுழுக்குக்கும் அள்ளி வழங்குவது போல, பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும் நூல்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவார்களாயின் அதுவும் திருப்பணியே ஆகும்.

புகுந்த வீடு நம்மை அன்போடு ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறந்த வீட்டின் பெயரைக் காப்பது இனி நம் கையில்தான் இருக்கிறது.