இரவும் பாட்டும் எங்களுக்குந்தான்

"உலை வைக்கவே வழியில்லை, இதற்குள் உனக்குக் கச்சேரி கேட்குதோ?" என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். யுத்தத்தில் கணவனையோ பிள்ளையையோ இழந்த பெண்ணுக்கு அரிசி வேண்டும், கூரைத்தகடு வேண்டும், தையல் இயந்திரம் வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். அவளுக்குப் பாட்டும் வேண்டும் என்று சொன்னால் மட்டும் முகம் சுளிப்பார்கள்.

நான் நாவற்குடாவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டிலிருந்து தைத்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். சங்கீதம் படித்தவளல்ல. ராகத்தின் பெயர் சொல்லத் தெரியாது. ஆனால் எங்காவது மத்தளச் சத்தம் கேட்டால் என் காது அந்தப் பக்கம் போய்விடும். சிறுவயதிலிருந்து இன்றுவரை நேரில் போய்க் கேட்ட பாட்டுகளின் அனுபவத்தில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஒரு பெண் கச்சேரிக்குப் போகிறாளா இல்லையா என்பதை முடிவு செய்பவை மூன்று கேள்விகள். அங்கே எங்கே இருப்பது? எத்தனை மணிக்கு முடியும்? எப்படி வீடு திரும்புவது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பெண்கள் வருவார்கள். இல்லாவிட்டால் இலவச நிகழ்ச்சியென்றாலும் வரமாட்டார்கள்.

களரியைச் சுற்றிப் போட்ட பாய்

எழுபதுகளில், நான் சிறுமியாக இருந்த காலத்தில், இசை நிகழ்ச்சி என்றால் எங்களுக்குக் கூத்துத்தான். வடமோடியோ தென்மோடியோ, அரங்கேற்றம் என்றால் இரவு தொடங்கி விடியும் மட்டும் நடக்கும். நடுவில் வட்டக்களரி. அண்ணாவியாரின் மத்தளம், சல்லரி, பிற்பாட்டுக்காரர். களரியைச் சுற்றிவர ஊரே இருக்கும். பெண்கள் பின்னேரமே பாயைக் கொண்டுபோய் விரித்து இடம்பிடித்து விடுவார்கள். பிள்ளைகள் மடியிலே தூங்கும். கச்சான், அவித்த கிழங்கு, போத்தலில் தேத்தண்ணி எல்லாம் பாயிலே இருக்கும். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடிய காலம் அது. மேடையில் எங்களுக்கு இடமிருக்கவில்லை. ஆனால் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் முழு இரவும் எங்களுடையதாக இருந்தது. "இராத்திரியில் எங்க மனே போறாய்?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர்களும் அதே பாயில்தான் இருந்தார்கள்.

வைகாசி வந்தால் கண்ணகி அம்மன் சடங்கு. மட்டக்களப்பின் எத்தனையோ ஊர்களில் கண்ணகி வழக்குரை இரவிரவாகப் படிக்கப்படும். முடிவில் குளுத்தி பாடுவார்கள். தெய்வமாகி நிற்பவள், கணவனை அநியாயமாகப் பறிகொடுத்து, அரசனிடமே போய் நியாயம் கேட்ட ஒரு பெண். அவள் கதையைக் கேட்டு அழவும், குரவை போடவும் பெண்களுக்கு அங்கே முழு உரிமை உண்டு. குரவை போடுவது பெண்கள்தான். ஆண்களின் பாட்டுக்கு நடுவில் பெண்களின் தொண்டையிலிருந்து எழும் அந்தச் சத்தத்தையும் இசையென்றே நான் சொல்வேன்.

இரவைப் பறிகொடுத்த காலம்

1990ஆம் ஆண்டு யூன் மாதம் மீண்டும் யுத்தம் மூண்டபோது முதலில் போனது இரவு. ஊரடங்குச் சட்டம், சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடி. பொழுதுபட்டால் விளக்கைத் தணித்துவிட்டு நாய் குரைக்கும் திசையைக் கவனித்துக்கொண்டு இருப்போம். விடியும் மட்டும் ஆடும் கூத்தை அந்த நிலையில் யார் ஆடுவது? பல ஊர்களில் களரிகள் வெறுமையாகின. அண்ணாவிமார் இடம்பெயர்ந்தார்கள். உடுப்பும் மத்தளமும் வீடுகளோடு சேர்ந்து அழிந்த ஊர்களும் உண்டு.

அந்த வருடம்தான் என் கணவரும் காணாமற்போனார். அதன்பின் எனக்கு மிஞ்சிய பாட்டு வானொலிப் பாட்டு. இலங்கை வானொலியை மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேளாத அளவில் வைத்துக்கொண்டு தைப்பேன். சத்தத்தைக் குறைத்தது ஆமிக்குப் பயந்து மட்டுமல்ல. "புருசனைத் தேடித் திரியிறவளுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்ற சொல்லுக்கும் பயந்துதான். காணாமற்போனவரின் மனைவி மனைவியுமில்லை, விதவையுமில்லை. அவள் சிரிக்கும் நாளையும் பாட்டுக் கேட்கும் நாளையும் ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இது தெரிந்த கதைதான்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது. 2009இல் நாட்டிலும் ஓய்ந்தது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. இரவுகள் திரும்பி வந்தன. ஆனால் பெண்களுக்கு அவை முழுதாகத் திரும்பி வரவில்லை.

கல்லடியில் பகலில் ஒரு பாட்டு

நாவற்குடாவிலிருந்து நகரத்துக்குப் போகும் வழியில் கல்லடி. முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலானந்தரின் சமாதி அங்கே உப்போடையில், சிவானந்த வித்தியாலய வளவில் இருக்கிறது. பழந்தமிழரின் யாழைப்பற்றி அவர் பல வருடங்கள் ஆராய்ந்து எழுதிய யாழ்நூல் 1947 யூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார். அந்த ஆராய்ச்சிக்கு அடிப்படையாக இருந்தது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை. அது மாதவி என்ற பெண் மேடையேறியதைச் சொல்லும் பகுதி. எங்கள் வாவியின் பாடும் மீன் ஓசையையும் அவர் நீரரமகளிரின், அதாவது நீரில் வாழும் பெண்களின், பாட்டாகவே கற்பனை செய்து பாடியிருக்கிறார். நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது பழைய வழக்கம். அப்படிக் கேட்கப் போனவர்களும் பெரும்பாலும் ஆண்கள்தான்.

1982இல் கல்லடியில் விபுலானந்தர் பெயரில் இசை நடனக் கல்லூரி தொடங்கப்பட்டது. பின்னர் அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் ஆனது. யுத்த காலத்திலும் அங்கே பிள்ளைகள் சுருதி சேர்த்தார்கள். அங்கு படித்த பெண்கள் இன்று எத்தனையோ பாடசாலைகளில் சங்கீத ஆசிரியைகள்.

யுத்தம் ஓய்ந்தபின் நான் துணிந்து போய்க் கேட்ட முதல் நிகழ்ச்சி ஒரு மாணவர் ஆற்றுகை. பகல் நேரம், அனுமதி இலவசம், இருக்கக் கதிரை, வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம். வெள்ளைச் சேலை கட்டிய பிள்ளையொருத்தி வயலின் வாசித்தாள். பக்கவாத்தியமும் ஒரு பெண் பிள்ளைதான். ஒலிபெருக்கி இரண்டுதரம் கரகரத்தது. அதனால் என்ன? வில் தந்தியில் படும்போது வரும் அந்த உயிர்ச் சத்தம் வானொலியில் எனக்குக் கிடைத்ததேயில்லை. நான் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் ஒன்றும் கேளாமல் தன் கைலேஞ்சியை நீட்டினார். வீட்டில் தனியே அழுவதற்கும், நாலு பேர் நடுவில் பாட்டுக் கேட்டு அழுவதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் அழுது முடிய மனம் இலேசாகிறது.

மைதானக் கச்சேரி

பிறகு பெரிய மைதானங்களில் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகள் வந்தன. இந்தியாவிலிருந்து சினிமாப் பாடகர்களும் வரத் தொடங்கினார்கள். மகளும் நானும் அப்படியொன்றுக்குப் போனோம். முன்வரிசைக் கதிரைகள் அழைக்கப்பட்டவர்களுக்கு. அதன்பின் ரிக்கற்காரர். மிச்ச இடமெல்லாம் நின்றுகொண்டு ஆடும் இளைஞர் கூட்டம். பெண்களுக்கென்று ஓர் ஒதுக்கிடம் இல்லை. மலசலகூடம் எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. ஏழு மணி என்று சொன்ன நிகழ்ச்சி ஒன்பதுக்குத் தொடங்கியது. நல்ல பாட்டுகள் வரும் நேரத்தில், பஸ் இல்லை, ஓட்டோக்காரர் எத்தனை கேட்பாரோ என்ற யோசனையில் நாங்கள் எழும்பி வந்துவிட்டோம். எங்களைப்போல எழும்பி வந்தவர்களில் கூடுதலானோர் பெண்கள். பாதிக் கச்சேரி கேட்பதுதான் பெண்களின் தலைவிதி என்று மகள் பகிடியாகச் சொன்னாள். எனக்கு அது பகிடியாகப் படவில்லை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள குறையல்ல. 2023 செப்டெம்பர் 10ஆம் திகதி சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சி நடந்தது. கூட்டம் அளவுக்கு மிஞ்சியது. ரிக்கற் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தங்களுக்கு நடந்த பாலியல் தொந்தரவுகளைப் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். முறைப்பாடு எழுந்தபின், பாதிக்கப்பட்டவர்கள் ரிக்கற் பிரதியோடு தங்கள் குறைகளை அனுப்பும்படி ரகுமான் கேட்டுக்கொண்டார். 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிகரனின் நிகழ்ச்சியில் கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு உட்புகுந்ததால் பாட்டை இடையில் நிறுத்த வேண்டி வந்தது. இரண்டிலும் பாட்டில் குறையில்லை. வந்தவர்களை எப்படி இருத்துவது என்ற ஒழுங்கில்தான் குறை.

அதே சென்னையில் வேறொரு நல்ல வழக்கமும் இருக்கிறது. மார்கழி இசை விழாவின்போது பல சபாக்களில் மதியக் கச்சேரிகள் இலவசமாக நடக்கும். வளர்ந்துவரும் கலைஞர்கள் பாடுவார்கள். வயதான பெண்கள் தனியாகவே வந்து கேட்டுவிட்டு வெளிச்சத்தோடு வீடு திரும்பலாம். இதை எங்கள் மண்டபங்களிலும் செய்யலாம்.

நாம் கேட்க வேண்டியவை

சகோதரிகளே, கோயில் திருவிழாவோ, பாடசாலை விழாவோ, விளையாட்டுக் கழகத்தின் இசை நிகழ்ச்சியோ, ஏற்பாட்டாளர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்தான். மாதர் சங்கமாகவோ நாலைந்து பேராகவோ போய் முன்கூட்டியே அவர்களிடம் இவற்றைக் கேட்கலாம்.

பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மேடை தெரியக்கூடிய ஒரு பகுதியை ஒதுக்குங்கள். கதிரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாய் நாங்கள் கொண்டு வருகிறோம். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். முடியும் நேரத்தை நோட்டீசில் போடுங்கள். வெளிச்சமுள்ள மலசலகூடமும், வெளியேற இரண்டு வாசல்களும் இருக்கட்டும். தொண்டர்களில் பெண்களையும் சேருங்கள். தூரத்து ஊர்களுக்கு முடிவில் ஒரு பஸ் ஒழுங்கு செய்யுங்கள்.

நமக்கு நாமே செய்யக்கூடியவையும் உண்டு. தனியே போகாமல் கூட்டாகப் போவோம். ஓட்டோவை முன்பே பேசி வைப்போம். நெரிசல் கூடினால் சந்திக்கும் இடமொன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். யாராவது கைவைத்தால் "சனத்துக்குள்ள அப்படித்தான்" என்று விட்டுவிடத் தேவையில்லை. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றம். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஐந்து வருடம்வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அவசரத்துக்குப் பொலிஸ் இலக்கம் 119. பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938.

ஊர்ப் பேச்சுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்குச் சட்டமில்லை. என் அனுபவத்தில் ஒரே மருந்து, எண்ணிக்கை. ஒருத்தி போனால் கதை. பத்துப்பேர் போனால் வழக்கம். எங்கள் ஒழுங்கையிலிருந்து இப்போது ஆறு பேர் ஒன்றாகப் போகிறோம். அதில் மூன்று பேர் கணவனை இழந்தவர்கள். ஒருத்தி நான்; இன்னும் தேடிக்கொண்டிருப்பவள். முதற்தரம் எங்களை விடுப்புப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, போன வைகாசியில் "எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வைங்க புள்ள" என்று சொல்லிவிட்டு, தன் பாயைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார்.