கோல்ஃப் வீச்சில் கலப்படம் செய்யலாமா?

2020 செப்டம்பரில் அமெரிக்க ஓபன் கோல்ஃப் போட்டி நியூயார்க் மாநிலத்தின் விங்ட் ஃபுட் மைதானத்தில் நடந்தது. கொரோனா காலம் என்பதால் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. நான்கு நாள் ஆட்டம் முடிந்தபோது, மைதானத்துக்கு விதித்த ‘பார்’ என்ற அடிகளின் கணக்குக்குக் கீழே முடித்தவர் ஒரே ஒருவர்தான்: பிரைசன் டிஷாம்போ. இரண்டாவதாக வந்தவரைவிட ஆறு ஸ்ட்ரோக், அதாவது ஆறு அடி, குறைவு. இதில் விசித்திரம் வேறொன்று. புல்லைக் குட்டையாக வெட்டி வைத்திருக்கும் நடுப்பாதைக்கு ஃபேர்வே என்று பெயர். முதல் வீச்சிலேயே பந்தை அங்கே போட வேண்டும். தவறினால் நீண்ட புல்லில் புதைந்த பந்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் பழைய பாடம். டிஷாம்போ 56 முறை முயன்று 23 முறைதான் ஃபேர்வேயில் போட்டார். பாதிக்கு மேல் தவறியும் கோப்பையை அள்ளிக்கொண்டு போனார்.

அவருடைய கணக்கு எளிமையானது. எப்படியும் சில பந்துகள் புல்லுக்குள் போகும். போவது போகட்டும், குழிக்கு மிக அருகில் போய் விழட்டும். 180 கெஜம் தள்ளி நல்ல புல்லில் நிற்பதைவிட, 120 கெஜத்தில் கெட்ட புல்லில் நிற்பது லாபம். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, தொழில்முறை ஆட்டக்காரர்கள் அடித்த லட்சக்கணக்கான பந்துகளின் தரவுகளை ஆராய்ந்து 2014-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தலைசிறந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் பந்துகளில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. குழியருகே பந்தைத் தட்டும் திறமைதான் எல்லாம் என்று நம்பியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

அப்படியானால் வேகமே போதுமா, நேர் வேண்டாமா? இங்கேதான் ஆசை தொடங்குகிறது. ஒருவரிடமிருந்து வேகத்தையும் இன்னொருவரிடமிருந்து நேரையும் எடுத்து ஒரே வீச்சில் சேர்த்துவிட்டால் என்ன? யூடியூப் பார்த்துப் பழகும் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். சிலருக்கு அது பலிக்கிறது, பலருக்குப் பலிப்பதில்லை. ஏன் என்பதற்கு இயற்பியலில் பதில் இருக்கிறது.

மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஆண் தொழில்முறை ஆட்டக்காரரின், தொலைதூரம் அடிக்கும் ‘டிரைவர்’ மட்டையின் தலை அப்போது மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் எடை 200 கிராம் அளவில் இருக்கும். பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. பந்து புறப்படும் வேகம் மணிக்குச் சுமார் 275 கிலோமீட்டர். அடிப்பதைவிட அடிபட்டது வேகமாகப் போவது எப்படி? கனமான பொருள் லேசான பொருளை மோதி, அது துள்ளிக்கொண்டு விலகினால் அப்படித்தான் ஆகும். மட்டையின் முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கும் விதியில் எல்லை உண்டு; மீள்தன்மை எண் 0.83 அளவோடு நிற்க வேண்டும். இந்த எண்களைப் போட்டுக் கணக்கிட்டால், மட்டையின் வேகத்தைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல் பந்தின் வேகம் போகாது. அந்த அரை மில்லி விநாடியில் பந்தின்மேல் விழும் சராசரி விசை, முக்கால் டன் எடையைத் தூக்கி வைத்ததற்குச் சமம்.

கையில் அந்த அதிர்வு உணரப்பட்டு மூளைக்குத் தகவல் போவதற்குள் பந்து பறந்துவிட்டது. ஆகவே ‘மோதும்போது மணிக்கட்டை இப்படித் திருப்பு’ என்று பயிற்சியாளர்கள் சொல்வதெல்லாம், அந்தக் கணத்துக்கு வெகு முன்னாலேயே முடிவாகிவிட்ட விஷயம். மட்டையைக் கீழே இறக்கும் நேரமே கால் விநாடிதான். பந்துக்குத் தெரிந்தது மோதும் கணம் மட்டுமே: மட்டை என்ன வேகத்தில் வந்தது, எந்தத் திசையில் வந்தது, அதன் முகம் எங்கே பார்த்தது, முகத்தின் எந்த இடத்தில் பட்டது. மேலே கொண்டுபோன விதம் அழகா அலங்கோலமா என்பது பந்துக்குத் தெரியாது. ஜிம் ஃபூரிக் மட்டையைத் தலைக்கு மேல் ஒரு வளையம் சுழற்றித்தான் இறக்குவார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வீச்சோடுதான் 2003-ல் அமெரிக்க ஓபனை வென்றார். 2016-ல் ஒரே சுற்றை 58 ஸ்ட்ரோக்கில் முடித்து, பிஜிஏ தொடரில் அதுவரை யாரும் தொடாத எண்ணைத் தொட்டார்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் ஒழுங்காக ஆராய்ந்தவர்கள் பிரிட்டன்காரர்கள். அலஸ்டர் காக்ரனும் ஜான் ஸ்டாப்ஸும் 1968-ல் வெளியிட்ட ஆய்வு நூலில் வீச்சை இரட்டை ஊசலாக வைத்துப் பார்த்தார்கள். தோளிலிருந்து கை ஓர் ஊசல், மணிக்கட்டிலிருந்து மட்டை இன்னோர் ஊசல். முதல் ஊசல் வேகமெடுத்து வரும்போது இரண்டாவது பின்தங்கி வர வேண்டும். கடைசியில் அது விரியும்போது கையின் வேகம் குறைகிறது, அந்த ஆற்றல் மட்டைக்குப் போகிறது. துவைகல்லில் துணி அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடுப்பு முதலில் திரும்பும், பிறகு தோள், பிறகு கை. கை ஏறக்குறைய நின்றுவிட்ட கணத்தில்தான் துணியின் நுனி படீரென்று கல்லில் விழும்.

மட்டைத் தலையின் இயக்க ஆற்றலை மட்டும் கணக்கிட்டால் சுமார் 260 ஜூல். கால் விநாடிக்குள் அதைத் தர வேண்டுமென்றால் சராசரியாக ஒரு குதிரைத் திறனுக்கு மேல் வேண்டும். கைத்தசைகளால் மட்டும் அது ஆகாது. தொடை, இடுப்பு, முதுகு என்று பெரிய தசைகள் எல்லாம் வரிசையாக வேலை செய்ய வேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜிம் மெக்லீன் 1992-ல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார்: மேல்வீச்சின் உச்சியில் தோள் திரும்பிய கோணத்துக்கும் இடுப்பு திரும்பிய கோணத்துக்கும் உள்ள வித்தியாசம். அதற்கு ‘எக்ஸ் ஃபாக்டர்’ என்று பெயர் வைத்தார். இடுப்பை அடக்கி வைத்துத் தோளை மட்டும் முறுக்கினால் வயிற்றுத் தசைகள் நன்றாக இழுபட்டு, விடும்போது வேகமாகச் சுருங்கும். ஒரு தலைமுறையே இதைப் பின்பற்றியது. முதுகெலும்பு அதற்கு விலை கொடுத்தது. கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அதிகம் வரும் காயங்களில் இடுப்புக்கு மேலுள்ள கீழ்முதுகு வலிக்கே முன்னிடம். டைகர் உட்ஸுக்குப் பலமுறை முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. 2017-ல் முள்ளெலும்புகளை இணைத்து வைத்த பிறகுதான் மீண்டு வந்து 2019 மாஸ்டர்ஸை வென்றார்.

பழைய ஆட்டக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். பாபி ஜோன்ஸ், ஜாக் நிக்லஸ் போன்றவர்கள் மேல்வீச்சில் இடது குதிகாலைத் தரையிலிருந்து தூக்குவார்கள். (இங்கே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களின் கணக்கு.) குதிகால் எழும்பினால் இடுப்பும் தாராளமாகத் திரும்பும், முதுகின் முறுக்கம் குறையும், மட்டை இன்னும் நீண்ட பாதையில் வரும். ‘மேஜர்’ எனப்படும் பெரும் போட்டிகளில் 18 பட்டங்கள் வென்ற நிக்லஸ் தம் காலத்தில் பந்தை வெகுதூரம் அடித்தவர்களில் ஒருவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறக்கத்தின் தொடக்கத்தில் அந்தக் குதிகாலை ஊன்றி, பின்பு அதே காலால் தரையை ஓங்கி உந்துவது இன்றைய உத்தி. ஜஸ்டின் தாமஸ் மோதும் நேரத்தில் குதிகால் எழும்பத் தரையை உந்துவதைப் பார்க்கலாம். பழைய குதிகாலும் புதிய உந்தலும் நன்றாகப் பொருந்தும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: இடுப்பை முதலில் கிளப்பிவிடுவது.

நேருக்கு வருவோம். பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். மட்டை வரும் பாதைக்கு அதில் சிறு பங்குதான். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் பந்தை வளைக்கும். பாதைதான் திசையைத் தீர்மானிக்கிறது என்று பல ஆண்டுகள் கற்பித்தார்கள். டென்மார்க்கில் 2003-ல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்தின் ரேடார் போன்ற கருவிகள் வந்த பிறகுதான் அந்தப் பாடம் மாறியது. முகம் ஒரே ஒரு பாகை பிசகினால், வளைவைச் சேர்க்காமலே, 250 மீட்டர் தொலைவில் பந்து ஏறத்தாழ 4.4 மீட்டர் விலகும். வேகம் கூடக் கூட அதே ஒரு பாகை இன்னும் தூரமாகத் தள்ளிவிடும்.

நேருக்குப் பேர்போனவர் கனடாவின் மோ நார்மன். கூச்சம் மிகுந்த மனிதர், 2004-ல் மறைந்தார். பலர் பந்தின் முன் நிற்கும்போது கையைத் தொங்கவிடுவார்கள். மோதும்போது கை உயர்ந்திருக்கும். நிற்கும் கோணம் வேறு, அடிக்கும் கோணம் வேறு. நார்மன் நிற்கும்போதே கையையும் மட்டையையும் ஒரே நேர்கோட்டில் நீட்டி, அடிக்கும் கோணத்திலேயே நின்றுகொள்வார். திருத்திக்கொள்ள வேண்டிய அசைவு ஒன்று குறைந்தது. டிஷாம்போவின் நிலையும் ஏறக்குறைய இதுதான். கல்லூரியில் இயற்பியல் படித்த அவருக்கு வழிகாட்டி, போயிங்கில் வேலை பார்த்த ஹோமர் கெல்லி 1969-ல் வெளியிட்ட ஒரு புத்தகம். வீச்சை 24 உறுப்புகளாகவும் அவற்றுக்கு 144 மாற்று வடிவங்களாகவும் பிரித்துப் போட்ட, படிக்கவே தலை சுற்றும் புத்தகம். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் தேர்ந்தெடுத்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் கெல்லியின் சாரம். நம் கேள்விக்கான விடையும் அதுவே.

ஒத்துப்போகாவிட்டால் என்ன ஆகும்? பென் ஹோகன் பந்து இடப்பக்கம் கொக்கிபோல் வளைவதால் அவதிப்பட்டார். அதைத் தடுக்க இடக்கைப் பிடியை மாற்றி, உச்சியில் மணிக்கட்டைப் பின்பக்கம் மடக்கி, மட்டை முகம் மூடாமல், அதாவது இடப்பக்கம் திரும்பாமல், பார்த்துக்கொண்டார். 1955-ல் ‘லைஃப்’ இதழ் அதை ‘ஹோகனின் ரகசியம்’ என்று வெளியிட்டது. ஆனால் பொழுதுபோக்காக ஆடுபவர்களில் பெரும்பாலோருக்கு நோய் நேர் எதிர்: முகம் திறந்து, பந்து வலப்பக்கம் ஓடும். ஹோகனின் மருந்தை அவர்கள் சாப்பிட்டால் நோய் முற்றும். டஸ்டின் ஜான்சன் மணிக்கட்டை ஹோகனுக்கு எதிர்ப்பக்கம் வளைப்பார். முகம் மூடிக்கொள்ளும். உடம்பை மிக வேகமாகத் திருப்பி அதை ஈடுகட்டிவிடுவார். அவருடைய மணிக்கட்டை மட்டும் கடன் வாங்கி உடம்பைத் திருப்பாமல் விட்டவரின் பந்து பக்கத்து ஃபேர்வேயில் கிடக்கும். 2007 வாக்கில் பேசப்பட்ட ‘ஸ்டாக் அண்ட் டில்ட்’ முறையும் இப்படித்தான். அதில் எடை தொடக்கத்திலிருந்தே இடது காலில் இருக்கும். மேலே போகும்போது அதைச் செய்துவிட்டு, இறங்கும்போது வலது காலில் சாய்ந்தால், மட்டை பந்துக்கு முன்பாகவே மண்ணைத் தோண்டும்.

டிஷாம்போவின் கலவை ஏன் பலித்தது? அவர் நேருக்காக எடுத்த அமைப்பில் மணிக்கட்டு குறைவாகவே மடங்கும். தடித்த கைப்பிடியை உள்ளங்கையில் பற்றுவதால் அப்படி. அதனால் இழந்த வேகத்தை மணிக்கட்டில் தேடாமல் உடம்பில் தேடினார். சுமார் 18 கிலோ எடை கூட்டினார். தொலைதூர அடிப் போட்டிகளின் உலக சாம்பியன் கைல் பெர்க்ஷயரோடு பயிற்சி செய்தார். 2019-ல் 302 கெஜமாக இருந்த சராசரி தூரம் அடுத்த பருவத்தில் 322 ஆனது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பியது, ஒன்றையொன்று கெடுக்கவில்லை. பிற்பாடு எடையைக் குறைத்துக்கொண்டு, முகம் லேசாக வளைந்த அயர்ன் மட்டைகளுக்கு மாறினார். பந்து நடுவில் படாவிட்டாலும் அந்த வளைவு ஓரளவு திருத்திவிடும். அவற்றோடுதான் 2024 அமெரிக்க ஓபனை, கடைசிக் குழியில் 55 கெஜ மணல் பள்ளத்திலிருந்து மீண்டு, ரோரி மெக்கில்ராயைவிட ஒரே ஒரு ஸ்ட்ரோக் குறைவாக முடித்து வென்றார்.

இதைக் கேட்டு எடை தூக்க ஓடுபவர்கள் அதிதி அசோக்கையும் நினைத்துக்கொள்ளட்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தூரத்தில் பின்வரிசையில் இருந்த பெங்களூரு பெண், குழியருகே காட்டிய திறமையால் நான்காம் இடம் பிடித்தார். ஒரு ஸ்ட்ரோக் குறைந்திருந்தால் பதக்கத்துக்கான கூடுதல் ஆட்டத்தில் இருந்திருப்பார்.

கோல்ஃப் பழகுபவராக இருந்தால், எவருடைய உத்தியையும் எடுப்பதற்கு முன் உங்கள் பந்து எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள். அந்த உத்தி எந்த நோய்க்கு மருந்து என்றும் கேளுங்கள். பின்னாலிருந்து செல்போனில் எடுத்த காணொளியே போதும். பிடியையும் மணிக்கட்டையும் ஒரே வாரத்தில் மாற்றாதீர்கள். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போகும். கீழ்முதுகு வலிப்பவர்கள் இடுப்பை அடக்கும் முறையை விட்டு, இடது குதிகாலைத் தூக்கிப் பாருங்கள். அப்போதும் வலித்தால் பயிற்சியாளரிடம் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.