வாக்கும் ஆசனமும்: யாழ்ப்பாண மாநகரசபைத் தேர்தல் முடிவுகள் பற்றிய ஓர் ஆய்வு

தேர்தல் பெறுபேற்றுப் பட்டியலை வாசிப்போருள் பெரும்பாலார் அதன் முதல் வரியோடு நின்றுவிடுவர். கூடிய வாக்குப் பெற்ற கட்சியே வென்ற கட்சி, வென்ற கட்சியே ஆளுங் கட்சி என்பது அவர்தம் துணிபு. ஆங்கில நாட்டு நகரசபைகள் பலவற்றைப் பொறுத்தவரையில் இத்துணிபு பெரும்பாலும் பிழைபடுவதில்லை. யாழ்ப்பாண மாநகரசபையைப் பொறுத்தவரையிலோ, 2018ஆம் ஆண்டு தொடக்கம் இது முற்றிலும் பொருந்தாததாகிவிட்டது. அவ்வாண்டிலும் 2025ஆம் ஆண்டிலும் நடைபெற்ற இரு தேர்தல்களிலும் முதலிடம் பெற்ற கட்சிக்குச் சபையிலே பெரும்பான்மை கிட்டவில்லை. நகரை ஆள்பவர் யாரென்பது வாக்குச் சாவடியிலே தீராது, பின்னர் சபா மண்டபத்திலேயே தீர்ந்தது. இதற்கு மக்களின் மனப்பாங்கு ஒரு காரணமே. வாக்கை ஆசனமாக மாற்றுகின்ற சட்டம் பிறிதொரு காரணம். அச்சட்டத்தை அறியாதார் முடிவின் பொருளையும் அறியார்.

மாநகரசபை என்னும் அமைப்பு நமக்கு ஆங்கிலேயர் வழி வந்தது. 1835ஆம் ஆண்டு இங்கிலாந்திலே இயற்றப்பட்ட மாநகராட்சிச் சட்டம், அதுகாறும் சிலர் தமக்குள்ளேயே பங்கிட்டுக்கொண்டிருந்த நகராட்சியை வரியிறுப்போரின் தெரிவுக்கு உட்படுத்தியது. வட்டாரந்தோறும் அங்கத்தவரைத் தெரிவதும், அவ்வங்கத்தவர் தமக்குள் ஒருவரை மேயராகத் தெரிவதும் அம்முறையின் இரு தூண்கள். இலங்கையிலே 1865ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியாக இவ்வமைப்பு முதலிற் கொழும்பிலும் கண்டியிலும் காலூன்றியது. யாழ்ப்பாணம் மாநகரசபை ஆகும் பேற்றை 1949இலேதான் பெற்றது. சாம் ஏ. சபாபதி அதன் முதல் மேயரானார். அக்காலத்துத் தேர்தல் வட்டார முறையிலேயே நிகழ்ந்தது. ஒவ்வொரு வட்டாரத்திலும் கூடிய வாக்குப் பெற்றவர் அங்கத்தவரானார். ஏனையோருக்குக் கிடைத்த வாக்குகளுக்குச் சபையிலே இடமில்லை. வாக்காளன் தன் அங்கத்தவனை முகம் அறிவான், வீடு அறிவான். வாய்க்கால் அடைத்தால் யாரிடம் முறையிடுவதென்பதில் ஐயமே எழாது.

இம்முறையின் குறையை ஆங்கில நாட்டிலேயே தெளிவாகக் காணலாம். நம்மவர் பலர் குடியேறியுள்ள கிழக்கு இலண்டன் நகரப் பிரிவாகிய நியூஹாமை எடுத்துக்கொள்வோம். அங்கு வட்டாரம் 20, வட்டாரத்துக்கு மூவராக ஆசனம் 60 என இருந்தது. 2006இலே தொழிற் கட்சி 54 ஆசனங்களைப் பெற்றது. 2010இலோ அறுபதையும் அதுவே கைப்பற்றியது. 2014இலும் 2018இலும் நிகழ்ந்ததும் அதுவே. பிற கட்சிகளுக்கு ஆயிரக்கணக்கானோர் வாக்களித்தும் சபையிலே எதிர்க்குரல் எழுப்ப ஒருவரேனும் இல்லாதுபோயிற்று. ஆள்வோர் யாரென்ற வினாவுக்கு இம்முறை ஐயமற விடைதருகின்றது. ஆளப்படுவோரின் கருத்து வேற்றுமையையோ முற்றாக மறைத்துவிடுகின்றது.

யாழ்ப்பாணத்திலே 1979ஆம் ஆண்டுத் தேர்தலோடு வட்டாரம் மறைந்தது. நகர் முழுவதும் ஒரே தொகுதியாகி, கட்சிகள் பெற்ற வாக்கின் விகிதப்படி ஆசனங்கள் பங்கிடப்பட்டன. இம்முறையின் போக்கை 2009 ஆகஸ்டு 8ஆம் நாள் நடைபெற்ற தேர்தலிலே நன்கு காணலாம். அப்போது ஆசனம் 23. ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 10,602 வாக்குகளும் 13 ஆசனங்களும் பெற்றது. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் பெயரிற் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 8,008 வாக்குகளும் 8 ஆசனங்களும் கிடைத்தன. சுயேச்சைக் குழுவொன்றும் தமிழர் விடுதலைக் கூட்டணியும் ஒவ்வோர் ஆசனம் பெற்றன. முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக இரண்டு ஆசனங்களை அன்றைய சட்டம் வழங்கியது. எஞ்சிய 21 ஆசனங்களே விகிதப்படி பங்கிடப்பட்டன. ஆள்வோருக்கு உறுதியான பெரும்பான்மை வேண்டுமென்று கருதியே சட்டம் இயற்றியோர் இவ்விரண்டையும் சேர்த்தனர்.

ஆயினும் அத்தேர்தலை ஆசனக் கணக்கைக் கொண்டுமட்டும் மதிப்பிடுவது தவறு. வாக்காளர் இடாப்பிலே 100,417 பெயர்கள் இருந்தன. வாக்களித்தோர் 22,280 பேர். போர் ஓய்ந்து மூன்று மாதமும் நிறையவில்லை. இடாப்பிலே பெயருள்ளோரிற் பலர் வன்னியிலும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருந்தனர். வராதவர் அனைவரும் தேர்தலைப் புறக்கணித்தார் என்று சொல்வதற்கில்லை. வந்தவர் ஊர் முழுவதன் கருத்தையும் உரைத்தார் என்று கொள்வதற்கும் இடமில்லை.

அதற்கு முந்திய தேர்தல் 1998இலே நடந்தது. அதில் முதலிடம் பெற்றது தமிழர் விடுதலைக் கூட்டணி. மேயராகிய சரோஜினி யோகேஸ்வரன் அவ்வாண்டு மே 17இலே கொல்லப்பட்டார். அவருக்குப்பின் பதவியேற்ற பொன். சிவபாலனும் செப்டெம்பர் 11இலே கொல்லப்பட்டார். முன்னர் மேயராயிருந்த அல்பிரட் துரையப்பா 1975 யூலை 27இலே சுட்டுக் கொல்லப்பட்டதும் யாவரும் அறிந்ததே. நகர முதல்வர் பதவி இங்கு வெறும் அலங்காரப் பதவியாய் இருந்ததில்லை.

இனி, இப்போதைய முறையை நோக்குவோம். 2012ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அதனை மேலும் திருத்திய 2017ஆம் ஆண்டுச் சட்டமும் வட்டாரத்தை மீண்டும் கொணர்ந்தன, விகிதாசாரத்தையும் கைவிடவில்லை. அங்கத்தவரில் நூற்றுக்கு அறுபதின்மர் வட்டாரங்களிலிருந்தும், நாற்பதின்மர் கட்சிகளின் பட்டியல்களிலிருந்தும் வருகின்றனர். யாழ்ப்பாணத்தில் 27 வட்டாரம், 18 பட்டியல் ஆசனம், ஆக 45. முன்னைய 23 ஏறத்தாழ இருமடங்காயிற்று. நாடு முழுவதிலும் 4,486 ஆயிருந்த அங்கத்தவர் தொகை எண்ணாயிரத்தைத் தாண்டியது. இத்துணைப் பேருக்குச் செய்யத்தக்க வேலை உள்ளூராட்சியில் உண்டோ என்று வினவுவாரைக் குறைகூற இயலாது.

வாக்காளர் இடுவது ஒரே புள்ளடி. அதுவே வட்டாரத்துக்கும் கணக்கு, விகிதத்துக்கும் கணக்கு. நகரம் முழுவதிலும் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளை 45ஆல் வகுத்தால் ஓர் ஆசனத்துக்குரிய வாக்குத்தொகை பெறப்படும். ஒவ்வொரு கட்சியும் பெற்ற வாக்கில் அத்தொகை எத்தனை முறை அடங்குகிறதோ அத்தனை ஆசனங்கள் அதற்கு உரியன. அதன்பின் நிரம்பாது நிற்கும் ஆசனங்கள் கூடிய மிச்சமுள்ள கட்சிகளுக்குச் செல்லும். வட்டாரங்களிலே வென்றவர் தொகையை உரிய தொகையிலிருந்து கழித்து, குறையைப் பட்டியலிலிருந்து நிரப்புவர். ஆகவே ஒரு கட்சி வட்டாரங்களை எத்துணை வென்றாலும், பொதுவாக அதன் மொத்த ஆசனம் வாக்கின் விகிதத்தைக் கடப்பதில்லை. உரிமைக்கு மேற்பட்ட வட்டாரங்களை ஒரு கட்சி வென்றுவிடின், அவற்றை அதனிடமிருந்து பறிப்பதில்லை, சபையின் அங்கத்தவர் தொகையே கூடும்.

2018 பெப்ரவரி 10ஆம் நாள் தேர்தலிலே தமிழரசுக் கட்சி 14,424 வாக்குகளைப் பெற்றது. இது நூற்றுக்கு 35.76. ஆசனம் 16. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 12,020 வாக்குகளுடன் 13 ஆசனங்களும், ஈழ மக்கள் சனநாயகக் கட்சி 8,671 வாக்குகளுடன் 10 ஆசனங்களும் பெற்றன. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 3, சுதந்திரக் கட்சிக்கு 2, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 1. நூற்றுக்கு 35.76 வாக்குப் பெற்றவருக்கு நூற்றுக்கு 35.56 ஆசனம் கிடைத்திருக்கின்றது. இதனினும் நேர்மையான கண்ணாடி வேண்டுவதில்லை.

ஆனால் அக்கண்ணாடியிலே ஆட்சி தெரியவில்லை. 45 பேர் கொண்ட சபையிலே பெரும்பான்மைக்கு 23 வேண்டும். எவரிடத்தும் அது இல்லை. ஒரு கட்சி பாதிக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெறின், அதன் செயலாளரே முதல்வரைப் பெயர் குறிப்பிடலாம். அவ்வாறில்லாதபோது உள்ளூராட்சி ஆணையாளர் சபையைக் கூட்டி வாக்கெடுப்பு நடத்தல் வேண்டும். அவ்வாறே தமிழரசுக் கட்சியின் இமானுவல் ஆர்னோல்ட் 2018 மார்ச்சிலே முதல்வரானார். 2020 டிசம்பரிலே அவர் சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டம் இருமுறை தோற்கடிக்கப்பட்டமையாற் பதவியிழந்தார். அம்மாதம் 30ஆம் நாள், காங்கிரஸ் பட்டியலில் வந்து அக்கட்சித் தலைமையோடு முரண்பட்டிருந்த விசுவலிங்கம் மணிவண்ணன் 21 வாக்குகளால் முதல்வரானார். எதிர்த்து நின்ற ஆர்னோல்டுக்கு 20 வாக்குகள். ஒற்றை வாக்கால் நகரத்தின் ஆட்சி மாறியது. மணிவண்ணன் 2022 முடிவிலே பதவி விலக, 2023 சனவரியிலே ஆர்னோல்ட் மீண்டும் அவ்விடத்துக்கு வந்தார். மார்ச் 19இலே சபையின் ஆயுளே முடிந்தது. ஐந்தாண்டிலே மூன்று முறை முதல்வர் தெரிவு. இவற்றுள் ஒன்றிலேனும் நகர மக்களின் வாக்குக் கேட்கப்படவில்லை.

2023 மார்ச்சிலே நடைபெறவேண்டிய தேர்தல் பணமில்லை என்ற காரணத்தால் ஒத்திவைக்கப்பட்டது. அவ்வாறு நடத்தாமை மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாகும் என உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலே தீர்ப்பளித்தது. ஈராண்டுக்கு மேலாக நகரம் மக்கள் தெரிந்த சபையின்றி அதிகாரிகளின் நிருவாகத்திலே இருந்தது.

இறுதியாக 2025 மே 6இலே வாக்கெடுப்பு நடந்தது. முந்திய நவம்பரிலே பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றிருந்தமையால், மாநகரமும் அவ்வழியே செல்லுமோ என்று பலர் நோக்கியிருந்தனர். முடிவு வேறு. தமிழரசுக் கட்சி 10,370 வாக்கு, 13 ஆசனம். காங்கிரஸ் 9,124 வாக்கு, 12 ஆசனம். தேசிய மக்கள் சக்தி 7,702 வாக்கு, 10 ஆசனம். ஈழ மக்கள் சனநாயகக் கட்சி 3,567 வாக்கு, சனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 3,076 வாக்கு, இவ்விரண்டுக்கும் நான்கு நான்கு ஆசனம். ஐக்கிய தேசியக் கட்சி 587 வாக்குடனும் ஐக்கிய மக்கள் சக்தி 464 வாக்குடனும் ஒவ்வோர் ஆசனம் பெற்றன.

இவ்வெண்களைச் சற்று ஆராய்தல் பயன் தரும். இவ்வேழு கட்சிகளின் வாக்கு 34,890. ஆசனம் பெறாதாரின் வாக்கையும் சேர்த்து 45ஆல் வகுத்தால், ஓர் ஆசனத்துக்குரிய தொகை 775க்குச் சற்று மேற்படும். காங்கிரசின் வாக்கில் அத்தொகை பதினொருமுறை அடங்கிப் பெருமிச்சம் நிற்கின்றது. அம்மிச்சமே பன்னிரண்டாம் ஆசனத்தை ஈந்தது. தமிழரசுக் கட்சிக்குப் பதின்மூன்று முறை அடங்கியபின் நின்ற மிச்சமோ சிறிது. ஆதலின் 2018ஐக் காட்டிலும் 2,896 வாக்குகளை இழந்த காங்கிரசுக்கு ஓர் ஆசனமே குறைய, 4,054 வாக்குகளை இழந்த தமிழரசுக் கட்சிக்கு மூன்று குறைந்தன. ஐக்கிய மக்கள் சக்தியின் 464 முழுத்தொகைக்கு எட்டாதது. எனினும், நான்கு ஆசனம் போக ஈழ மக்கள் சனநாயகக் கட்சிக்கு நின்ற மிச்சத்தை அது மிகச் சிறிதளவே விஞ்சியமையால் ஆசனம் பெற்றது. சில பத்து வாக்குகள் அங்குமிங்கும் மாறியிருந்தால் இந்த ஆசனம் கைமாறியிருக்கும். பெரும்பான்மையற்ற சபையிலே ஓர் ஆசனத்தின் பெறுமதியை 2020 டிசம்பர் காட்டிவிட்டது.

முதலிடம் பெற்ற கட்சிக்கு இம்முறை நூற்றுக்கு முப்பது வாக்குங் கூட இல்லை. 2025 யூன் 13ஆம் நாள் அக்கட்சியின் விவேகானந்தராசா மதிவதனி 19 வாக்குகளைப் பெற்று முதல்வராகத் தெரிவானார். சரோஜினி யோகேஸ்வரன், 2009இலே முதல்வரான யோகேஸ்வரி பற்குணராசா ஆகியோருக்குப்பின் அப்பதவியை ஏற்ற பெண்மணி இவர். பத்தொன்பதில் அவர் கட்சியின் பங்கு 13 எனின், ஆறு வெளியிலிருந்து வந்தவை. 23 என்னும் பெரும்பான்மை அவருக்கும் கிட்டவில்லை. ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற வேண்டிய ஒருவர்க்கு இது எளிய நிலையன்று.

விகிதாசாரமே இவ்விடர்ப்பாட்டுக்குக் காரணம் என்று கூறி, பழைய வட்டார முறைக்கே மீளவேண்டுமென வாதிப்போர் உளர். நியூஹாமின் அறுபதுக்கு அறுபதை நினைவுகூர்ந்தால் அவ்வாதம் வலியிழக்கும். மூன்றிலொரு பங்குக்குங் குறைந்த ஆதரவுடைய கட்சியொன்று, எதிரிகள் பிளவுபட்டிருந்தமையால் மட்டும், 27 வட்டாரங்களிற் பெரும்பாலானவற்றை அள்ளிக்கொள்வது நேர்மையாகாது. குறை வேறிடத்தே உள்ளது. எவருடன் எவர் சேர்வர் என்பதைக் கட்சிகள் வாக்கெடுப்புக்கு முன் உரைப்பதில்லை. ஒருவரையொருவர் மேடையிலே கடுமையாகத் தாக்கியோர் ஒரே திங்களில் ஒரே பக்கத்திலே கையுயர்த்துங்கால், வாக்களித்தவன் எதற்கு உடன்பட்டான் என்பது விளங்காமற் போகின்றது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது இன்னுமொன்று. ஆங்கில நகரசபையிலே ஓர் அங்கத்தவரின் இடம் வெறிதானால் அவ்வட்டாரத்திலே இடைத்தேர்தல் நடைபெறும். நகர மக்களின் மனம் மாறியுள்ளதோ என்பதை அறிய அதுவொரு வாய்ப்பு. நமது சட்டத்திலே அவ்விடத்தைக் கட்சியின் செயலாளர் பெயர் குறிப்பிட்டு நிரப்புகின்றார். மே 6ஆம் நாள் இட்ட புள்ளடியே நான்காண்டுக் காலத்துக்கு வாக்காளரின் ஒரே சொல்.