தடையும் சலமும்

தடை எழுப்புதல் தமிழ்மரபில் குற்றமன்று. நம் உரையாசிரியர்கள் தம் கருத்துக்கு எதிராக எழக்கூடிய வினாவைத் தாமே எழுப்பி, அதற்கு விடையும் தந்தனர். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் முறையான அனுமானத்தையும் போலிகளையும் வகுத்துரைக்கிறார். எனவே தடை வேண்டும். சொல்லைப் பற்றிக்கொண்டு கருத்தை நழுவவிடும் அற்பத் தடையே வேண்டாதது.

சொன்னவர் கருதாத பொருளை அவர்மேல் ஏற்றி மறுப்பதைக் கௌதமரின் நியாய சூத்திரம் ‘சலம்’ என்கிறது. வஞ்சம் என்பது இதன் பொருள். அது மூவகைப்படும்.

முதலாவது சொற்சலம். ‘நவகம்பளம் உடையான்’ என்பது புதிய கம்பளம் உடையவனைக் குறிக்க, “மற்ற எட்டும் எங்கே?” என வினவுவது அந்நூலின் உரை காட்டும் எடுத்துக்காட்டு. ‘நவ’ என்பதற்கு ஒன்பது என்றும் பொருளுண்டு.

இரண்டாவது பொதுமைச்சலம். “நூலகம் செல்லும் மாணவர் நன்கு எழுதுவர்” என்றால், “அங்கே உறங்கச் செல்பவனுமா?” என்பது.

மூன்றாவது உபசாரச்சலம். “விழாவுக்குப் புக்கிட் மேராவே திரண்டு வந்தது” என்றால், “மலாயில் அது செங்குன்று, குன்று நடந்து வருமோ?” என்பது. இடவாகுபெயரைக் கற்பிக்கும் நாமே அதனை மறந்ததாக நடிப்பது இது.

இவை வெறும் விளையாட்டல்ல. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் இல்லத்தில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். இந்நிலையில் ஒரு மாணவி, “எங்க புளோக்குல இருக்கிற தாத்தா பாட்டிகளுக்கு மருந்து விளக்கம் தமிழ்ல வேணும்” என்கிறாள் எனக் கொள்வோம். “‘புளோக்’ தமிழ்ச்சொல்லா?” என நாம் இடைமறித்தால், முதியோரின் தேவை அங்கேயே மறக்கப்படும். அடுத்த முறை அவள் ஆங்கிலத்தில் பேசுவாள், அல்லது பேசாதிருப்பாள்.

“தமிழ் படிக்கத் தெரியாத முதியோர் என்செய்வர்?” என்று ஒருவர் கேட்டால், அது சிறு வினாவாயினும் உண்மைத் தடை. அச்சிட்ட விளக்கம் மட்டும் போதாது, படித்துக் காட்டவும் ஆள் வேண்டும் என அவள் முடிவு திருந்துகிறது.

தடை எழுப்புமுன் நாம் நம்மையே வினவ வேண்டுவது ஒன்றே: இதனை ஏற்றால் எதிராளியின் முடிவு மாறுமா? மாறுமெனில் உடனே எழுப்புவோம். மாறாதெனில் முதலில் கருத்துக்கு விடையளிப்போம். சொல்லைப் பின்னர்த் திருத்துவோம்.