கண் நோய்களும் கண் பாதுகாப்பும்

கண் நோய்களில் சில வலியும் சிவப்பும் தருபவை. சில எந்த அறிகுறியும் காட்டாமல் பார்வையைக் குறைப்பவை. முதல் வகைக்கு மக்கள் அன்றே மருந்து தேடுகின்றனர். ஆனால் பார்வையை நிரந்தரமாகப் பறிக்கும் நோய்களில் முக்கியமானவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. குறித்த காலத்தில் பரிசோதித்தால் மட்டுமே அவற்றை முன்கூட்டி அறிய முடியும். இதை நன்கு அறிந்த துறைகளில் ஒன்று ரயில்வே.

அரக்கோணத்தில் ஒரு பார்வைச் சோதனை

ராணிப்பேட்டை மாவட்டத்தில், திருத்தணிக்குத் தெற்கே உள்ள அரக்கோணம் ஒரு ரயில் சந்திப்பு. சென்னை, ரேணிகுண்டா, காட்பாடி, செங்கல்பட்டுப் பாதைகள் இங்கே கூடுகின்றன. மின்சார எஞ்சின் பணிமனையும் இங்கு உண்டு.

ரயில் ஓட்டுநர் பணிக்கு 'ஏ-1' என்னும் மிகக் கடுமையான பார்வைத் தகுதி வேண்டும். கண்ணாடி அணியாமல் இரு கண்களிலும் 6/6 பார்வையும், குறையற்ற நிறப்பார்வையும் இருக்க வேண்டும். பணியில் சேர்ந்த பின்னும் 45 வயது வரை 4 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 55 வயது வரை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் மருத்துவச் சோதனை நடைபெறும். வயது ஏற ஏற இடைவெளி குறைவதில் காரணம் உண்டு: கண்புரை, கண் அழுத்த நோய் போன்றவை நாற்பதுக்கு மேல்தான் அதிகம் தோன்றுகின்றன. அதே தெருவில் வசிக்கும் காய்கறி வியாபாரிக்கு இப்படி அழைத்துச் சோதிப்பவர் யாரும் இல்லை. அவர் தானாகவே போனால்தான் உண்டு.

6/6 என்பது டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் 1862-இல் வெளியிட்ட எழுத்து அட்டையிலிருந்து வந்த அளவு. இயல்பான கண் 60 மீட்டரில் படிக்கக்கூடிய எழுத்தை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியுமானால் அவரது பார்வை 6/60.

நிறப்பார்வைச் சோதனைக்கும் ரயிலுக்கும் பழைய உறவு உண்டு. 1875-இல் சுவீடனின் லாகர்லுண்டாவில் இரு ரயில்கள் மோதிய பின், ஹோம்கிரென் என்ற உடலியல் அறிஞர் நிறக்குருடு விபத்துக்குக் காரணமாகலாம் என வாதிட்டு, வண்ணக் கம்பளி நூல்களைக் கொண்டு ஊழியர்களைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று பரவலாக உள்ள புள்ளி அட்டைகள் ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை. பிறவி நிறக்குறை ஆண்களிடமே அதிகம். அதற்குச் சிகிச்சை இல்லை. படிப்பை முடித்து, எழுத்துத் தேர்விலும் வென்று, மருத்துவச் சோதனையில்தான் தமக்கு இக்குறை இருப்பதை அறியும் இளைஞர்கள் உண்டு. பள்ளிப் பருவத்திலேயே சில நிமிடச் சோதனையில் இதைத் தெரிந்துகொள்ளலாம். கிட்டப்பார்வைக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களும் ஓட்டுநர் பணிக்கு ஏற்கப்படுவதில்லை என்பதை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது.

கண்ணாடியால் தீரும் குறைகள்

கிட்டப்பார்வை, தூரப்பார்வை, சிதறல் பார்வை ஆகியவை ஒளி விழித்திரையில் சரியாகக் குவியாததால் வருபவை. நாற்பதைத் தாண்டியவர் செய்தித்தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிப்பது வெள்ளெழுத்து. இது நோயன்று, வில்லையின் நெகிழ்வு குறைவதே. குழந்தை கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினால் கவனக்குறைவு என்று திட்டுவதற்கு முன் கண்ணைச் சோதிக்க வேண்டும். மாறுகண்ணோ, ஒரு கண்ணில் மட்டும் அதிகக் குறையோ இருந்து சிறுவயதில் கவனிக்காமல் விட்டால் அந்தக் கண் 'சோம்பல் கண்' ஆகிவிடும். பிற்காலத்தில் கண்ணாடி அணிந்தாலும் முழுப் பார்வை கிடைப்பது கடினம்.

கண்புரை

கண்ணின் வில்லை மங்குவதே கண்புரை. இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் இதுவே. திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளில் ஏறும்போது சமாளிக்கும் முதியவர், இறங்கும்போது படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் தடுமாறுவார். எதிர்வரும் விளக்கொளி கூசும். சொட்டு மருந்தால் புரை கரையாது. அறுவை சிகிச்சையில் மங்கிய வில்லையை நீக்கிச் செயற்கை வில்லை பொருத்துவதே தீர்வு. "புரை நன்றாக முற்றட்டும்" என்று காத்திருக்கச் சொல்வது பழைய கால அறிவுரை; அளவுக்கு மீறி முற்றினால் சிகிச்சை கடினமாவதுடன் கண்ணின் அழுத்தமும் உயரக்கூடும்.

இத்துறையில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கப்பட்டது. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் ஆரோலேப் நிறுவனம் 1992 முதல் செயற்கை வில்லைகளைக் குறைந்த விலையில் தயாரித்ததால் ஏழைகளுக்கும் அவை கிடைத்தன. அரக்கோணத்தார் புறநகர் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்தால் எழும்பூர் மருத்துவமனை அதிகத் தொலைவில்லை.

ஓசையின்றி வருபவை

கண்புரையால் போன பார்வை பெரும்பாலும் திரும்பும். கண் அழுத்த நோயால் போனது திரும்பாது. பார்வை நரம்பு சிதைந்து முதலில் பக்கப் பார்வை குறையும். நேர்ப்பார்வை தெளிவாகவே இருப்பதால் நோயாளி உணர்வதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு இந்நோய் இருந்தால் ஆபத்து கூடுதல். சர்க்கரை நோயாலும் விழித்திரை இவ்வாறே பாதிக்கப்படும். சர்க்கரை நோயாளி பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதிக்க வேண்டும். சோதனைக்குப் பின் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால் தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது.

சிவப்பும் காயமும்

'மெட்ராஸ் ஐ' எனப்படும் கண் அழற்சி, நோயாளியைப் பார்ப்பதால் தொற்றுவதில்லை; கை, துண்டு, தலையணை வழியே பரவுகிறது. பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே தணியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டுதான் அதைவிட ஆபத்தானது: நாள்பட இட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம். அறுவடையில் நெல் சுணையோ உமியோ பட்டுக் கருவிழியில் பூஞ்சைப் புண் உண்டானால் இதே மருந்து புண்ணை வேகமாகப் பரப்பிவிடும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு போன்றவற்றையும் கண்ணில் விடக் கூடாது.

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஒரு நொடியும் தாமதிக்காமல் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவிய பின்னரே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். திடீரென மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் மிதப்பது போலவோ, பார்வையில் திரை விழுவது போலவோ தோன்றினால் விழித்திரை பிரிந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.